ஆள் வந்த பிறகு கிழங்கு

போன வாரம் சுஜாதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த மருத்துவமனைச் சமையலறைக்கு எனக்குப் பிறகு பொறுப்பேற்றவள். அந்தச் சமையலறையில் இப்போது அடுப்பு எரிவதில்லை. குத்தகைக்காரர் எங்கோ சமைத்து, மூடி ஒட்டிய தட்டுகளில் அடைத்து வேனில் அனுப்புகிறார். சுஜாதா அவற்றை வார்டு வாரியாகப் பிரித்துக் கொடுக்கிறாள்.

"அக்கா, உங்க ஞாயித்துக்கெழம கறிய பேஷன்ட்டுங்க இன்னும் கேக்கறாங்க. குத்தகைக்காரரு, எப்படின்னு எழுதி வாங்கிக் குடு, அதே மாதிரி செஞ்சி அனுப்பறேன்றாரு. கறியும் உருளக்கெழங்கும் தான? ஒரு பக்கத்துல எழுதிட மாட்டீங்களா?"

எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இன்று சனிக்கிழமை காலை உட்கார்ந்து இரண்டு வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. என் மகன் அருண் இன்று பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான். ரயில் நெரிசலில் விழுந்து தாடை உடைந்த பிறகு அவன் ரயில் ஏறுவது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமை அரை நாள்தான், மத்தியானம் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். அவன் வரும்வரை என்னால் சும்மா இருக்க முடியாது. சுஜாதா கேட்டதைவிட அதிகமாகவே எழுதப்போகிறேன் என்று தெரிகிறது.

நான் பிறந்தது பூதிகோட்டை, சுரங்கமே இல்லாத கிராமம். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு என்பது நிலத்தில் விளைந்து மூட்டையில் போவது. அதைக் காக்க வைத்துச் சமைப்பார்கள் என்று அங்கே யாரும் எனக்குச் சொன்னதில்லை. பி.ஏ. முடித்து, கல்யாணமாகி, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்சுக்கு வந்து, அருண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இந்த வேலையில் சேர்ந்தேன். எந்த நோயாளிக்கு எந்தச் சாப்பாடு என்று எழுதுவதுதான் வேலை. சமையலறையில் ஆள் குறைந்தபோதெல்லாம் கரண்டியும் கையில் வந்தது. சில வருடங்களில் கரண்டிதான் என் வேலை என்று ஆனது. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. கையைச் சுட்டுக்கொண்டேன், அழுதேன், பழகிவிட்டேன்.

எங்கள் பெரிய சமையல் மாஸ்டர் தேவசகாயம், ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் அண்ணனும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். இவர் மட்டும் இறங்கவில்லை. ஆனால் சமையலறையையே சுரங்கம் மாதிரிதான் நடத்தினார். மாடிகள் அவருக்கு, சுரங்கத்தின் தளங்களைப்போல, லெவல்கள். சாப்பாட்டு வண்டி ஏறும் லிப்டுக்குச் சுரங்கத்தில் ஆள் இறங்கும் கூண்டின் பெயர், கேஜ். "மூணாவது லெவலுக்குக் கேஜ் போவுது, ரசம் சிந்தாம ஏத்துங்க" என்பார். புதிதாக வந்த டாக்டர்கள் திகைத்துப் பார்ப்பார்கள்.

அவர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால், யார் தவறு செய்தார்களோ அவர்களுடைய அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வெளியே போய் நிற்பார். அதற்குள் தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் அடுப்பைப் பெரிதாக்குவார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. எனக்கு அவர் வைத்த பெயர் டிகிரி.

"இன்னா டிகிரி, கறி இன்னா சொல்லுது?"

"வெந்துடுச்சு மாஸ்டர்."

"கறி சொல்லிச்சா, நீ சொல்றியா?"

கறி சொல்ல வேண்டுமென்றால் ஒரு துண்டை எடுத்து மூடியின் மேல் வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்த வேண்டும். நார் நாராகத் தானே பிரிந்தால் வெந்துவிட்டது. நசுங்கிப் பிதுங்கினால் இன்னும் இல்லை.

சுஜாதா, இனி வருவது உனக்கு. எலும்போடு உள்ள ஆட்டுக்கறி வாங்கு. தொடையில் பாதி, நெஞ்செலும்பில் பாதி. கழுவியதும் தண்ணீரை நன்றாக வடித்துவிடு. எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே கறியை மஞ்சளும் கல்லுப்பும் போட்டு வெறும் பாத்திரத்தில் வைத்து மூடு. அது தன் தண்ணீரை விடும். அந்தத் தண்ணீரிலேயே கொதித்து, அதையே திரும்பக் குடிக்கும். அதுவரை கிளறாதே. பக்கத்து அடுப்பில் எண்ணெய் காயவைத்து, பட்டை, கிராம்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம். வெங்காயம் வதங்கிக் குழைந்து சிவந்தால்தான் இஞ்சி பூண்டு. அது பச்சை வாசனை விட்டதும் தக்காளி, ஒரு பிடி புதினா. அதன்மேல் கறியைச் சேர்த்துப் புரட்டி, மிளகாய்த்தூளும் அதைப்போல் இரண்டு பங்கு மல்லித்தூளும் போடு. மல்லியைக் கருகாமல் வறுத்து அரைத்த தூளாக இருக்கட்டும். வெந்நீர்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கறி முறைத்துக்கொள்ளும், வேகாது. குக்கர் வேண்டாம். சின்னத் தீயில் வேகட்டும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்போது, கசகசாவோடு அரைத்த தேங்காய் கொஞ்சம். நிறையப் போட்டால் அது வேறு குழம்பு.

கிழங்கை எப்போது போடுவது? குத்தகைக்காரர் கேட்கப்போவது இதைத்தான். மாஸ்டரின் விதி ஒன்றுதான். கிழங்கைத் தோல் சீவி, பெரிதாக நறுக்கி, ஒரு பேசின் தண்ணீரில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வார்டிலிருந்து சிஸ்டர் போன் செய்து, ரவுண்ட்ஸ் முடிந்தது, எல்லாரும் சாப்பிடத் தயார் என்று சொன்ன பிறகே அது குழம்பில் இறங்க வேண்டும். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

"ஆளு வரட்டும். அப்பறம் கெழங்கு."

கிழங்கு உடையாமல் இருப்பதற்காக என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஏழுமலை ஐயா வரும்வரை.

ஏழுமலை ஐயா நிலத்தடியில் உழைத்து ஓய்வு பெற்றவர். சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்திருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். மூச்சு விடுவதா மெல்லுவதா என்று ஒவ்வொரு வாய்க்கும் யோசிக்க வேண்டிய நிலை. கஞ்சியும் கூழும் அனுப்பினோம். தட்டு அப்படியே கேஜில் திரும்பி வந்தது. எடை இறங்கிக்கொண்டே போனது. ஏதாவது அவராகச் சாப்பிட்டால் ஒழிய மருந்து மட்டும் போதாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னா வேணும் என்று மாஸ்டரே மேலே போய்க் கேட்டார். கறியும் கிழங்கும் என்றார் ஏழுமலை ஐயா.

"டிகிரி, இது உன் கேஸ்" என்று மாஸ்டர் என்னிடம் விட்டுவிட்டார்.

மெல்ல முடியாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியும். கறியை நாராகப் பிரித்தேன். கிழங்கைக் குழம்பிலேயே குழைய வேகவிட்டு, மசித்து, ஒரு கட்டி கூட இல்லாமல் கலந்தேன். காரம் குறைவு, எண்ணெய் குறைவு. கிண்ணத்தை நானே எடுத்துப்போனேன். பக்கத்தில் அவருடைய மனைவி கன்னியம்மா உட்கார்ந்திருந்தார்.

ஐயா கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். முகம் மலர்ந்தது. கரண்டியால் ஒருமுறை கிளறினார். மறுபடியும் கிளறினார். அடியில் எதையோ தேடினார்.

"கெழங்கு எங்க?"

"மசிச்சிருக்கேன் ஐயா. நீங்க மெல்லவே வேணாம்."

கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கன்னியம்மா என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"நீ இன்னா ஊரும்மா?"

"பூதிகோட்ட."

"அதான். உன் மேல தப்பு இல்ல. மைன்ஸ் லைன்ல எங்க வூடுங்கள்ல ஆம்பள ஷிப்ட்டுக்குப் போனா, கறிய அடுப்புல ஏத்திடுவோம். கெழங்கு தண்ணியில கெடக்கும். அவுரு மேல வந்து, நடந்து வந்து, வாசப்படிய மிதிச்ச அப்பறம்தான் கெழங்கு கொழம்புல வுழும். குளிச்சிட்டு வரதுக்குள்ள வெந்துடும்."

"முன்னாடியே போட்டா இன்னா ஆகும்?"

"ஒண்ணும் ஆவாது. கொழஞ்சிடும், அவ்ளோதான்." வார்டுக் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "இவுரு சின்னப் பையனா இருக்கசொல்ல, ஷிப்ட் முடியிற சங்கு ஊதிச்சேன்னு எங்க மாமியாரு கெழங்க போட்டுட்டாங்க. அன்னிக்குப் பார்த்து உள்ள ஏர்பிளாஸ்ட். பாறை வெடிச்சி லெவலே மூடிக்கிச்சி. மாமனாரு மேல வரல. எல்லாரும் ஷாப்ட்டு வாய் கிட்ட ஓடிட்டாங்க, அடுப்ப யாரு பாக்கறது? சாயங்காலமா பக்கத்து வூட்டுக்காரங்க வந்து, பசங்க பசியா இருக்குதுங்கன்னு அந்தக் கறியத்தான் போட்டுக் குடுத்தாங்களாம். கெழங்கே இல்லியாம் அதுல. மொத்தமா கரஞ்சி போயிருந்துச்சாம்."

நான் கீழே இறங்கி வந்தபோது மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். என் அடுப்பைச் சிறிதாக்கவில்லை. பெரிய கிழங்குகளாக நாலைந்து பொறுக்கி என் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அன்று நான் செய்த முறை இது. கிழங்கைத் தோலோடு முழுதாக, உப்புத் தண்ணீரில் மெதுவாக வேகவைத்தேன். கத்தி முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்வரை. தோலை உரித்து, இரண்டாக மட்டும் வெட்டி, கொதி அடங்கிய குழம்பில் நழுவவிட்டு மூடிவைத்தேன். கிளறவில்லை. பாத்திரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டினேன். கிழங்கு முழுக் கிழங்காகவே தெரிந்தது, தொட்டால் விட்டுக்கொடுத்தது. குழம்பை அதன்மேல் ஊற்றி, பிரித்த கறியைப் பக்கத்தில் வைத்து, மறுபடி மேலே போனேன்.

"ஐயா, கெழங்கு இருக்குது, பாருங்க."

திரும்பினார். பார்த்தார். கரண்டியின் விளிம்பால் ஒரு ஓரத்தை வெட்டி எடுத்தார். வாயில் வைத்து நாக்கால் அழுத்தி விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அடுத்த வாய்க்கு நெடுநேரம் ஆனது. பாதிக் கிழங்கும் கொஞ்சம் கறியும் உள்ளே போனது. கன்னியம்மா முந்தானையால் அவர் வாயைத் துடைத்தார்.

"பூதிகோட்டக்காரிக்கு உப்பு போடத் தெரியல" என்றார் அவர், மூச்சுக்கு நடுவே. "நாளைக்கு சரியாப் போடு."

நாளைக்கு என்று அவர் சொன்னதைக் கேட்டுக் கன்னியம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் அந்தத் தடவை வீட்டுக்குப் போனார். இன்னும் சில காலம் வீட்டில் கிழங்கு தின்றார் என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து என் வீட்டிலும் அதே வழக்கம். என் கணவர் குணசேகரன் ஆட்டோவை நிறுத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கிழங்கு. அருண் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அவனுக்காகவும்.

அவன் விழுந்த சனிக்கிழமையும் கிழங்கு தண்ணீரில் இருந்தது. வீடு திரும்பும் வழியில் பங்காரப்பேட்டையில் இறங்கி வண்டி மாறுகிற அவசரம். ரயில் நிற்பதற்குள் எல்லாரும் வாசலுக்கு நெருக்கியிருக்கிறார்கள். பின்னாலிருந்து தள்ளியதில் முகம் பிளாட்பாரத்தில் பட விழுந்திருக்கிறான். யாரோ ஒரு புண்ணியவான் அவனுடைய போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நாங்கள் ஓடினோம். பெங்களூரில் தாடையைக் கம்பியால் கட்டி மூடினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, சமையலறைக் கதவைத் திறந்ததும் பேசினிலிருந்து வந்த நாற்றம் என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டது. குணசேகரன்தான் அதை எடுத்துக் கொட்டினார்.

எத்தனையோ நோயாளிகளுக்கு நீராகாரம் எழுதிக் கொடுத்தவள் நான். என் மகனுக்கு எலும்புச் சாற்றை ஒரு தடவைக்கு மூன்று தடவை வடிகட்டினேன். பல்லிடுக்கில் குழாயை நுழைக்கும்போது அவனுக்கு வலித்தால் நான் கத்தினேன்.

குணசேகரன்தான் வீட்டைத் தாங்கினார். "இத்தினி வருஷத்துல இப்பதான்டா வூடு அமைதியா இருக்குது. உங்கம்மாவுக்கும் ஒரு கம்பி கட்டிடலாமா?" என்பார். அருண் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் தாடையைப் பிடித்துக்கொள்வான்.

கம்பியை அவிழ்த்ததும் மெத்தென்று கொடுங்கள் என்றார் டாக்டர். ஏழுமலை ஐயாவுக்குச் செய்த மாதிரியே செய்தேன்.

"மசிச்சிட்டா ஈஸியா இருக்கும்லமா?"

"மசிக்க மாட்டேன்."

"ஏன்?"

"மாட்டேன்னா மாட்டேன். துன்னு."

அடுத்து வேலைக்குப் போகிறேன் என்று நின்றான். வேண்டாம் என்றேன். இங்கேயே ஏதாவது பார் என்றேன்.

"இங்க இன்னாமா இருக்குது? மைன்ஸ தொறக்கப் போறாங்களா? கேஜ்ல எறங்கட்டுமா? அதுக்கு ரயிலே மேல் இல்லியா?"

சுரங்கத்தை மூடி வருடக்கணக்காகிவிட்டது. இந்த ஊரிலிருந்து அதிகாலையில் ரயில் ஏறுகிற ஆயிரம் பேரில் அவனும் ஒருவன். இன்று காலை, என் மாமனார் மாட்டிவைத்த புத்தர் படத்தின் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினான். ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன். வண்டி முழுசாக நின்று, எல்லாரும் இறங்கின பிறகுதான் நீ இறங்க வேண்டும். எந்த ஸ்டேஷனாக இருந்தாலும். சரிம்மா என்றான்.

கறி அடுப்பில் இருக்கிறது. கிழங்கு தண்ணீரில் இருக்கிறது.

*

இது ஞாயிற்றுக்கிழமை எழுதுவது.

நேற்று மத்தியானம் போன் வந்தது. "அம்மா, பங்காரப்பேட்ட வந்துட்டேன். நம்ம வண்டியில ஏறிட்டேன். பசிக்குது, கெழங்கப் போட்டுடு. போன்ல சார்ஜ் இல்ல" என்று சொல்லும்போதே நின்றுவிட்டது.

"அதான் சொல்லிட்டானே, போடேன் மல்லிகா" என்றார் குணசேகரன்.

நான் பேசினைத் தொடவில்லை. எங்கள் வீட்டிலிருந்து சாம்பியன் ஸ்டேஷன் பக்கம். ரயிலின் சத்தம் கேட்டது, நின்றது, கிளம்பியது. தெருவில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மூன்றாம் வீட்டுப் பெண் பையோடு போனாள். தண்ணீர் கேனோடு இருவர். பிறகு தெரு காலியானது. அவன் இல்லை.

போன் போட்டேன். அணைந்திருந்தது. குணசேகரன் முதலில் வாசலில் நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். நான் பேசின் தண்ணீரைப் பார்த்தேன். மாவு இறங்கி வெளுத்திருந்தது. கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். குழம்பின் தீயைச் சிறிதாக்கினேன். புதுத் தண்ணீரும் வெளுக்க ஆரம்பித்தது. கன்னியம்மாவின் மாமியார் சங்கு ஊதியதும் கிழங்கைப் போட்டார். அவர் செய்ததில் என்ன தவறு? எல்லா நாளும் போல ஒரு நாள் என்று நம்பினார். அவருக்காக அடுப்பின் முன்னால் நின்று அழுதேன்.

வாசலில் செருப்புச் சத்தம். குணசேகரனுடைய சிரிப்பு முதலில் கேட்டது, பிறகு அருணின் குரல்.

"சிரிக்காத நைனா. எல்லாம் இவங்களாலதான்!"

வியர்த்து வழிய, காலெல்லாம் புழுதியோடு உள்ளே வந்தான்.

"நீதானம்மா சொன்ன, எல்லாரும் எறங்கட்டும்னு? நானும் பெரிய மனுஷன் மாதிரி ஒக்காந்துனு இருந்தேன். எல்லாரும் எறங்கி, ஒரு கெழவி மூட்டைய எறக்கி, நான் வாசலுக்கு வரதுக்குள்ள வண்டி எடுத்துட்டான். ஓடற வண்டியில குதிக்கக் கூடாதுன்னும் அதே சத்தியத்துல இருக்குதே? நேரா மாரிகுப்பம் போய் எறங்கி, இந்த வெயில்ல நடந்து வரேன்."

"லாஸ்ட் ஸ்டேஷனோட நின்னுச்சே, அதுக்கு சந்தோஷப்படு. உங்கம்மா சத்தியத்துக்கு தண்டவாளம் இன்னும் நீளமா இருந்தா, நீ இன்னிக்கு வூட்டுக்கே வந்திருக்க மாட்ட" என்றார் குணசேகரன்.

அருண் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். பேசினைப் பார்த்தான்.

"இன்னும் போடலியா? நான்தான் பங்காரப்பேட்டையிலயே சொன்னேனே!"

"பங்காரப்பேட்டையா நம்ம வாசப்படி? போய்க் குளிச்சிட்டு வா."

கிழங்கைக் குழம்பில் போட்டேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். அவன் குளித்துவிட்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஆபீசில் எல்லாரும் எப்படி அவன் தாடையை வந்து வந்து பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இடது பக்கமாகவே மென்றான். கரண்டி விளிம்பால் கிழங்கை வெட்டினான். அது முழுதாக நின்று, பிறகு விட்டுக்கொடுத்தது.

சுஜாதா, உன் குத்தகைக்காரருக்கு மற்றதெல்லாம் அளவோடு எழுதித் தருகிறேன். கிழங்கு போடும் நேரத்தை மட்டும் என்னால் எழுத முடியாது. ஒன்று செய். குழம்பு மட்டும் வேனில் வரட்டும். கிழங்கை நம் சமையலறையிலேயே நறுக்கித் தண்ணீரில் வை. ஒரு அடுப்புக்கு மட்டும் அனுமதி கேட்டு வாங்கு. ரவுண்ட்ஸ் முடிந்ததா என்று மேலே போன் செய்து கேட்டுவிட்டுப் போடு.

நாளை திங்கட்கிழமை. அருண் அதே ரயிலில் போகிறான். சத்தியத்தை மட்டும் மாற்றிக்கொண்டோம்: வண்டி முழுசாக நிற்க வேண்டும், பிறகு முதல் ஆளாகவும் இல்லாமல், கடைசி ஆளாகவும் இல்லாமல், நடுவில் இறங்க வேண்டும். நாளைக்குக் கறி கிடையாது, வெறும் கிழங்குக் குழம்புதான். கிழங்கு வாங்கி வைத்துவிட்டேன்.